இரைச்சல் நீக்கப்பட்ட பதிப்பு

இணையத்தில் பாட்டு வழங்கும் ஹார்மோனார்க் நிறுவனத்தின் பார்வையில் லைல் பிகோட் துணி துவைக்கும் இயந்திரத்தின் தீவிர ரசிகர்.

அவருடைய மகள் டீகன் கைக்குழந்தையைத் தூங்கவைக்க அப்பாவின் கணக்கைத்தான் பயன்படுத்தினாள். வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தத்தைப் போட்டால் பிள்ளை கண்ணை மூடும். நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். ஆகவே அது விடிய விடிய ஓடியது. லைல் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ராக் இசையைத் தவிர வேறெதற்கும் தலையாட்டியதில்லை. ஆனால் அதெல்லாம் கேசட்டிலும், இசைத்தட்டிலும், தன் ஊரான போர்ட் கெம்ப்ளாவின் மதுக்கடைகளிலும் நடந்தவை. தன் வழியாகப் போகாத எதையும் ஹார்மோனார்க் நடந்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

உருக்காலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், முழங்கால் போனதும் வீட்டோடு இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் புதுப் பாட்டுகள் வெளியாகும். அன்று காலை தேநீரை ஆறவிட்டுவிட்டு, வந்தவை அத்தனையையும் நேர்மையாகக் கேட்பார். புதுப் பாட்டு என்பதற்காக அவர் எதையும் வெறுத்ததில்லை. ஒரே ஒரு வருத்தம்தான். இப்போதெல்லாம் யாரும் தப்பு செய்வதில்லை. டிரம் அடிப்பவன் முந்துவதில்லை, பாடுபவன் மூச்சு வாங்குவதில்லை. பாட்டு நடந்த அறையில் ஆளே இருந்ததில்லை போலிருக்கும்.

அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் அந்த அறிவிப்பைப் பார்த்தார். ஸ்லாக்பாட் என்ற ராக் குழு 1989-இல் ஆங்கர் ஹோட்டலின் பின்பக்க பாரில் செய்த கச்சேரி, முதல்முறையாக வெளியாகிறது. ஹார்மோனார்க்கில் மட்டும்.

லைல் திரையை மூடிவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கச்சேரியில் அவர் இருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகன் கோலின் ட்ரெஸ்கோவுக்கு வரி மறந்துபோயிற்று. கித்தார் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்போது பில்லியர்ட்ஸ் மேஜைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “ஏய் வெளங்காத நாயே! வாயத் தொறந்து பாடு!” ஹோட்டலே சிரித்தது. ட்ரெஸ்கோ கும்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பாடினான். யாரது என்று லைல் திரும்பிப் பார்த்தார். நொரீன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவர் வேறு பக்கம் திரும்பவில்லை.

போர்ட் கெம்ப்ளாவில் பிடித்தவனை நாய் என்பார்கள். பிடிக்காதவனை ஐயா என்பார்கள். நொரீன் லைலை ஒருநாளும் ஐயா என்றதில்லை.

தொண்டையில் வந்த புற்றுநோய் முதலில் அவள் குரலை எடுத்தது, பிறகு அவளை. அதற்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் வீடியோக்கள் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்தவள் நொரீன். படம் ஆடிவிடும் என்று எடுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். ஒன்றிலும் அவள் பேச்சு இல்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், அவள் கூப்பிடுவதை நினைத்துப்பார்க்க முயன்றபோது மனதுக்குள் கேட்டது தன்னுடைய குரல்தான் என்று லைல் கண்டுகொண்டார். பயம் அன்றைக்குப் பிடித்தது.

படியிலிருந்து எழுந்து உள்ளே போய்த் திரையைத் திறந்து அந்தக் கச்சேரியைத் தொட்டார். திரை சொன்னது: “இந்த வெளியீடு மெய் ரசிகர்களுக்கு மட்டும். உங்களுக்காக நாங்கள் பரிந்துரைப்பது: முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், இரண்டாம் பாகம்.”

ஹார்மோனார்க்கில் மனிதர்களோடு பேச முடியும். அதற்குரியவருக்கு ரசிகர் பயணத் துணைவர் என்று பெயர். லைலுக்கு வாய்த்த துணைவர் டார்சி வெல்பி. திரையில் தோன்றினான். முப்பது வயதுக்குள் இருக்கும். பின்னால் ஒரு கித்தார் மாட்டியிருந்தது. அதற்குக் கம்பிகள் இல்லை.

“லைல் நண்பா! உங்க பயணத்துல இன்னிக்கு நான் எங்க வந்து சேர்ந்துக்கட்டும்?”

“எனக்கு அந்தக் கச்சேரியக் கேட்டாப் போதும் தம்பி.”

டார்சி வருத்தமாகச் சிரித்தான். “பாத்தீங்களா, ‘கேட்டாப் போதும்’. நாங்க அந்த வார்த்தையையே விட்டுட்டோம் லைல். கேக்கறதுங்கறது ரொம்ப சோம்பேறித்தனமான விஷயம். காது பாட்டுக்குத் தொறந்து கெடக்கு, யார் வேணா கேட்டுட்டுப் போயிடலாம். நாங்க எதிர்பாக்கறது ஈடுபாடு.”

“நான் அன்னிக்கு அங்க இருந்தேன்பா. ஆங்கர் ஹோட்டல்ல. நேர்ல.”

டார்சி எதையோ தட்டிப்பார்த்தான். “அதுக்கு எங்ககிட்ட பதிவு இல்லையே. எங்களப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கு அங்க யாருமே இல்ல. உண்மையச் சொன்னா, நாங்க உரிமை வாங்கினப்புறம்தான் அந்தக் கச்சேரியே முழுசா நடந்துதுன்னு சொல்லலாம்.”

“பாடினவங்ககிட்ட கேட்டுப்பாருங்க.”

“அவங்க எல்லாத்தையும் எங்களுக்கு வித்துட்டு குயின்ஸ்லாந்து போயிட்டாங்க. அவங்களும் இன்னும் மெய் ரசிகர் ஆகல.”

மெய் ரசிகர் ஆவதற்கு ஒரு விளையாட்டு இருந்தது. ‘ஆங்கர் ஹோட்டல் அனுபவம்’ என்று பெயர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பொய் உலகத்துக்குள் போக வேண்டும். ஈடுபாட்டைக் காட்டி, ‘தங்க வில்லை’ என்கிற பதக்கத்தை வாங்க வேண்டும். அதன் பிறகு பின்பக்க பாரின் கதவு திறக்கும்.

லைலுக்கு வீடியோ விளையாட்டு என்றால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வரும் துப்பாக்கிச் சத்தம். பக்கத்து வீட்டு மெர்லுக்கு அறுபத்தெட்டு வயது. காலையில் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவுவாள். மத்தியானம் முழுக்க கராஜில் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களைச் சுட்டுத்தள்ளுவாள்.

“என்னடா லைலு, வழி தவறி வந்துட்டியா?” என்றாள், கையிலிருந்த விளையாட்டு விசைக்கருவியைக் கீழே வைக்காமல்.

விஷயத்தைச் சொன்னார். நொரீனின் பெயர் வந்ததும் மெர்ல் விளையாடுவதை நிறுத்தினாள். அவளை யாரோ சுட்டார்கள். திரையில் செத்துக் கிடந்தாள். கண்டுகொள்ளவில்லை.

“உக்காரு,” என்றாள். “எந்தக் கையால சுடணும்னு சொல்லித் தரேன்.”

“சுடற விளையாட்டு இல்லக்கா. கச்சேரிக்குப் போற விளையாட்டு.”

“அப்ப அதுல என்னதான் பண்ணுவாங்க?”

வரிசையில் நிற்பார்கள். அதுதான் முதல் கட்டம். பொய் ஆங்கர் ஹோட்டலின் வாசலில் பொய் மழை பெய்தது. லைலின் பொம்மை உருவம் அதில் நனைந்துகொண்டு நின்றது. பொறுமை ஒரு ஈடுபாடு என்று வானத்தில் எழுத்து ஓடியது. நிஜ ஆங்கர் ஹோட்டலுக்கு வரிசையில் நின்று போனவர் ஒருவரும் கிடையாது. சமையலறை வழியாகப் போவார்கள். லைல் பழக்க தோஷத்தில் பொம்மையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். வாசல் காவலாளி வந்து அதை வரிசையின் கடைசியில் விட்டான்.

“கொண்டா இப்படி,” என்று மெர்ல் ஹெட்செட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். போன வேகத்தில் காவலாளியை ஒரு குத்து விட்டாள்.

ஈடுபாடு பூஜ்யத்துக்குப் போயிற்று. மறுபடி மழை.

உள்ளே போன பிறகும் நிம்மதி இல்லை. பாரில் ஆரஞ்சுச் சாறு மட்டும் கிடைத்தது. அதைக் கீழே சிந்தாமல் நண்பர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நண்பர்கள் யாரென்று ஹார்மோனார்க்கே முடிவு செய்திருந்தது. லைலுக்குக் கிடைத்தவர்கள் வாஷிங் மெஷின் சத்தத்தின் மற்ற ரசிகர்கள். எல்லோரும் தூங்கி வழியும் இளம் தாய் தந்தையர். ஒருவரை ஒருவர் பார்த்து, “உங்களுக்கு எத்தனை மாசம்?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

“பேத்திக்கு ஏழு,” என்றார் லைல்.

அடுத்தது தலையாட்டல். கழுத்துச் சுளுக்கைத் தவிர்க்க ஹார்மோனார்க் ஓர் எல்லை வகுத்திருந்தது. அதற்குமேல் ஆட்டினால் பொறுப்பின்மை. குறைவாக ஆட்டினால் ஈடுபாடின்மை. டீகன் குழந்தையோடு வந்து பார்த்தபோது, அவளுடைய அப்பா முன்னறையில் கண்ணை மறைத்த கருவியோடு, யாரோ கேட்ட கேள்விக்கு ஆமாம் ஆமாம் என்று சொல்பவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா, இது உங்களுக்குத் தேவையா? அம்மா இருந்திருந்தா சிரிச்சிருப்பா.”

“எப்படிச் சிரிப்பான்னு ஞாபகம் இருக்கா உனக்கு?” என்றார் லைல்.

டீகன் வாயைத் திறந்தாள். பிறகு குழந்தையை வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். 

குளிர்காலம் முடிகிற நேரத்தில் தங்க வில்லை கிடைத்தது. பின்பக்க பாரின் கதவு திறந்தது.

மேடையில் கோலின் ட்ரெஸ்கோ இருந்தான். இருபது வயது, நல்ல பற்களோடு. நிஜ ட்ரெஸ்கோவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. பீர் சிந்தாத தரை காலில் ஒட்டவில்லை. புகை இல்லை. பில்லியர்ட்ஸ் மேஜை இருந்த இடத்தில் பூந்தொட்டி இருந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார் லைல். கண்ணுக்கு வேண்டியது எதுவுமில்லை. கருவிக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். இதோ, இந்த வரிக்கு அப்புறம்தான்.

ட்ரெஸ்கோ மறக்கவில்லை.

அந்த வரியைப் பாடினான், அடுத்ததைப் பாடினான், பாட்டை முடித்தான். பொம்மைக் கூட்டம் நல்ல பிள்ளைகளாக அளவோடு கைதட்டியது. மௌனம்கூட இல்லை. அவள் குரல் இருந்த இடமே இல்லை. லைல் கச்சேரியை முதலிலிருந்து போட்டார். மறுபடி போட்டார். ட்ரெஸ்கோ ஒவ்வொரு முறையும் நன்றாகப் பாடினான்.

“மெய் ரசிகர் லைல்!” டார்சி எழுந்து நின்று கைதட்டினான். “எப்படி இருந்துது?”

“ரெண்டாவது பாட்டுல அவன் வரிய மறந்துடுவான். அது எங்க?”

“கவனிச்சீங்களா? அதச் சரிபண்ணிட்டோம். அவர் பாடியிருந்தா எப்படிப் பாடியிருப்பாரோ அப்படியே பாட வெச்சிருக்கோம்.”

“அவன்தான் பாடினானே.”

“பாடினார். ஆனா தப்பா. முப்பது வருஷத்துக்கு மேல அந்தத் தப்போட வாழ்ந்திருக்கார் மனுஷன். நாங்க விடுதலை குடுத்திருக்கோம்.”

“அப்ப ஒரு பொண்ணு கத்துவா.”

டார்சியின் முகம் மாறியது. உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அந்தக் குரலா? உங்களையும் பாதிச்சிருக்கா? இத்தனை காலமா மனசுலயே வெச்சிருந்தீங்களா? பயப்படாதீங்க. அதத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டோம். அந்த உரப்புல ‘நாய்’னு வந்தா எங்க இயந்திரம் விடாது. சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு வாழ்நாள் தடையும் போட்டாச்சு.”

“அவ செத்து ஆறு வருஷம் ஆச்சு.”

விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. “அப்ப தடைக்காலம் முடிஞ்சுதுன்னு குறிச்சுக்கறேன்.”

“அவ என் பொண்டாட்டி தம்பி.”

டார்சி விசைகளிலிருந்து கையை எடுத்தான்.  “வீட்டுலயும் அப்படித்தான் பேசுவாங்களா?”

“சாகற வரைக்கும். பேச முடியாமப் போனப்பறம் பலகைல எழுதிக் காட்டினா.”

“கடவுளே,” என்றான் டார்சி. அவன் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. “உங்களுக்கு மன ஆலோசனை ஏற்பாடு பண்ணட்டுமா?”

“அந்தத் துண்ட மட்டும் எனக்குக் குடு. எடுத்தேன்னு சொன்னியே, அத. நீங்க குப்பைல போட்டதுதானே, எனக்குக் குடு. அவ குரல் எனக்கு ஞாபகம் இல்ல. கையெழுத்துப் போடச் சொன்னாப் போடறேன். யார்கிட்டயும் காட்டமாட்டேன். வாஷிங் மெஷின் சத்தத்த சாகற வரைக்கும் கேக்கறேன்.”

“குப்பைலயா? யார் சொன்னா?” டார்சிக்கு ரோஷம் வந்தது. “நாங்க எதையும் வீணாக்கறதில்ல லைல். அந்தக் குரல் ஒரு பொக்கிஷம். அவ்வளவு தெளிவு, அவ்வளவு உரப்பு, நடுவுல வசை, கடைசில கட்டளை! வசைன்னா என்னன்னு எங்க இயந்திரத்துக்குக் கத்துக்குடுத்ததே அதுதான். ராவும் பகலும் அதையேதான் கேட்டுட்டிருக்கு. விளையாட்டுல தப்பு பண்றவங்களுக்கு ஒரு நன்னடத்தைப் பாடம் வெச்சிருக்கோம். அதுலயும் முதல் எடுத்துக்காட்டு அதுதான்.”

“அந்தப் பாடத்த நான் பாக்க முடியுமா?”

“நீங்களா?” டார்சி பெருமையோடு சிரித்தான். “நீங்க தங்க வில்லை வாங்கினவர். அந்தப் பக்கமே நீங்க போக வேண்டியதில்ல. அது ஒரு வாட்டிதான் நடக்கும். பாஸ் பண்ணினவங்களுக்கு மறுபடி கிடையாது. அப்பறமும் தப்பு பண்ணினா கணக்கு மூடிடும்.”

அன்று மத்தியானமே லைல் மெர்லின் கராஜுக்குப் போனார். கருவியை மாட்டிக்கொண்டு பொய் ஆங்கர் ஹோட்டலின் முன்வரிசைக்குப் போனார். இரண்டாவது பாட்டு வந்ததும் கத்தினார்.

“ஏய் வெளங்காத நாயே. வாயத் தொறந்து பாடு.”

திரையில் பூ மலர்ந்தது. “கலைஞரை அன்போடு ஊக்கப்படுத்தியமைக்கு நன்றி!”

மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னடா இது, பால்காரன்கிட்ட சில்லறை கேக்கற மாதிரி இருக்கு. இதுக்கு நாய்கூட வால ஆட்டாது.”

“எனக்கு அப்படிக் கத்த வராதுக்கா. வீட்டுல அவதான் கத்துவா.”

“அப்ப அவ மாதிரியே கத்து.”

“அதுதானே மறந்துபோச்சு.”

மெர்ல் சிரிப்பை நிறுத்தினாள்.  “குப்பைத் தொட்டி எடுக்கற நாள்ல நீ தொட்டிய வெளிய வைக்க மறந்துடுவே பாரு,” என்றாள். “வண்டி அந்த முனைல திரும்பும். அப்ப அவ உள்ளேர்ந்து குடுப்பா பாரு ஒரு சத்தம். என் வீட்டு சன்னல் அதிரும். அது அடில ஆரம்பிக்காதுடா. உச்சத்துலயே ஆரம்பிக்கும்.”

லைல் கண்ணை மூடிக்கொண்டார். தொட்டியை நினைத்தார். வண்டி முனையில் திரும்புவதை நினைத்தார். மேடையில் ட்ரெஸ்கோ பிசகாமல் பாடிக்கொண்டிருந்தான். எதையும் மறக்காத அந்தப் பல் வரிசையைப் பார்க்கப் பார்க்க, இந்த ஒரு மனுஷன் ஒரே ஒரு வரியை மறந்திருந்தால் போதுமே என்று லைலுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது.

“ஏய்! வெளங்காத நாயே! வாயத் தொறந்து பாடு!”

தெருவில் இரண்டு நாய்கள் குரைத்தன. ஹோட்டல் இருண்டது. தங்க வில்லை கழன்று விழுந்து உருண்டு ஓடியது. “கடுமையான வசை கண்டறியப்பட்டது. நீங்கள் நன்னடத்தைப் பாடத்துக்கு மாற்றப்படுகிறீர்கள்.”

“அடி சக்கை!” என்றாள் மெர்ல்.

வெள்ளை அறை. ஒரு நாற்காலி. “முதல் எடுத்துக்காட்டு,” என்றது ஒரு மென்மையான குரல். “உங்களைப் புண்படுத்தக்கூடும். தயாராகிக்கொள்ளுங்கள்.”

லைல் தயாராக இல்லை.

அவர் நினைத்து வைத்திருந்ததைவிட உச்சமான குரல். கரகரப்பு இருந்தது. ‘நாயே’ என்பதில் ஒரு இழுவை, மாடிப்படியில் இரண்டு படியைத் தாவி ஏறுகிற மாதிரி. ‘பாடு’ என்பதன் முடிவில் ஒரு சிரிப்பு தொடங்கியிருந்தது. தொடங்கிய இடத்திலேயே வெட்டிவிட்டிருந்தார்கள். வாய் திறந்திருந்ததே தெரியாமல் லைல் உட்கார்ந்திருந்தார்.

திரையில் கேள்வி வந்தது. இவ்வாறு பேசுபவரின் நோக்கம் என்ன? அவமதிப்பது. அச்சுறுத்துவது. மனஉளைச்சல் தருவது. மேற்சொன்ன அனைத்தும்.

கருவியிலிருந்து வந்த இன்னொரு இயர்போனைத் தன் காதில் வைத்திருந்த மெர்ல் மூக்கை உறிஞ்சினாள். தன் போனைக் காதுக்கருவியோடு ஒட்டிவைத்துப் பதிந்தும் பார்த்திருந்தாள். திருட்டுப் பதிவைத் தடுக்க ஹார்மோனார்க் எதையோ கலந்திருந்தது போலிருக்கிறது. போனில் ஈ மொய்க்கும் சத்தம்தான் இருந்தது.

“கடைசி பதில்தான் சரிடா லைலு. பாத்தாலே தெரியுது.”

“தெரியுது.”

“அதத் தொட்டா பாடம் முடிஞ்சுடும்.”

“தெரியுதுக்கா.”

லைல் விரலை நீட்டினார்.  கடைசி வரியின் மேல் தவறிப் பட்டுவிடாமல், இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முதல் பதிலைத் தொட்டார்.

“தவறான விடை,” என்றது மென்மையான குரல். “கவனமாக மீண்டும் கேளுங்கள்.”

லைல் கவனமாகக் கேட்டார்.